அவள் டாக்டரிடம் சொல்லாமல் விட்டது

சித்தூருக்குப் பஸ் ஏறும் முன்பே என் மனைவி என்னிடம் சொல்லிவிட்டாள்.

"உள்ள நான் பேசிக்கறனுங்க. நீங்க வெளிய குந்தீட்டு இருந்தாப் போதும்."

எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. லேடி டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்து பெண்களின் உடம்பு சமாச்சாரம் பேசுகிற ஆள் இல்லை நான். சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து இன்னொரு கரண்டி சாம்பார் கேட்கவே எனக்கு நாக்கு எழாது.

அன்று அவள் கட்டியிருந்தது விசேஷங்களுக்கு மட்டும் எடுக்கும் பச்சைச் சேலை. தலையில் பூ வைத்திருந்தாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் மாதிரி இல்லை. எதையோ வாங்கப் போகிறவள் மாதிரி இருந்தாள். ஏன் அப்படி இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்று நான் காட்டிக்கொள்ளவில்லை.

அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாலக்காட்டுச் சித்தூருக்கு அருகே நல்லேப்பிள்ளிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயலும் ஒரு தென்னந்தோப்பும் இரண்டு மாடுகளும் உண்டு. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். குழந்தை இல்லை. கல்யாணமான புதிதில் வைத்தியம் பார்த்தோம். கோயமுத்தூர் போனோம், கொஞ்ச நாள் கஷாயமும் எண்ணெயுமாகக் கிடந்தோம். இருவருக்கும் குறை ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள். குறை இருந்தால் சரி செய்யலாம். இல்லாததை எப்படிச் சரி செய்வது? வருஷங்கள் போயின. வைத்தியத்துக்குப் போவதை நிறுத்திக்கொண்டோம். மாரியம்மன் கோயில் வேம்பில் மஞ்சள் துணியில் தொட்டில் கட்டுவதை மட்டும் அவள் விடவில்லை. ஒவ்வொரு வருஷமும் திருவிழா நோம்பிக்குப் போகும்போது பழைய துணி நைந்து போயிருக்கும். புதுத் துணி கொண்டுபோய்க் கட்டிவிட்டு வருவாள்.

எங்கள் வீட்டில் இன்னமும் பெண்கள் மாதாமாதம் தூரம் இருக்கிற வழக்கம் உண்டு. அந்த நாட்களில் அவள் சமையற்கட்டுக்குள் வர மாட்டாள். பின்பக்கத் தாழ்வாரத்தில் தனிப் பாய், தனித் தட்டு. இதெல்லாம் இந்தக் காலத்தில் எதற்கு என்று நானே கேட்டிருக்கிறேன். "உங்களுக்குத் தெரியாது, பேசாம இருங்க," என்பாள். அதனால் அந்த நாட்களில் அடுப்பு என் பொறுப்பு. எத்தனையோ வருஷமாக அப்படித்தான். அவள் தாழ்வாரத்து ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எனக்குச் சமையல் சொல்லுவாள்.

"உப்புப் போட்டாச்சுங்களா?"

"போட்டாச்சு அம்மிணி."

"எத்தன தடவை?"

தட்டை நீட்டும்போது மோந்து பார்த்துவிட்டுச் சொல்லுவாள்: "இந்த ரசத்தை மாட்டுக்கு வெச்சா அது கயித்த அறுத்துட்டு ஓடீரும்." சொல்லிக்கொண்டே இன்னொரு தடவை ஊற்றச் சொல்லுவாள்.

பிறகு அந்த நாட்கள் தள்ளித் தள்ளி வந்தன. ஒரு சித்திரையில் வந்தது, அடுத்து ஆடியில். அதற்கப்புறம் வரவே இல்லை. நான் அடுப்புப் பக்கம் போகாமல் ஒரு நடவும் அறுப்பும் போயின. பிறகு இன்னொரு நடவு, இன்னொரு அறுப்பு. ஒரு நாள் தாழ்வாரத்துப் பாயை அவள் துவைத்துக் காயப்போட்டுச் சுருட்டி, பரண்மேல் எறிந்தாள். ஏன் என்று கேட்டேன். "பூச்சி அரிக்குதுங்க," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அந்த வருஷம் கோயில் நோம்பிக்கு எல்லோரோடும் போனாள். மஞ்சள் துணி எடுத்துப் போகவில்லை. நானும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போதும் தெரியவில்லை.

போன தை கழிந்து ஒரு காலையில் நான் பால் கறந்துகொண்டிருந்தேன். மாட்டுக்கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, இன்னைக்கு நீங்கதான் அடுப்புப் பத்த வெக்கோணும்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. காய்ச்சலா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணமாகி வந்த வருஷம் அப்படிச் சிரித்தவள். நடுவில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. பரணிலிருந்து பாயைத் தானே எடுத்து உதறி விரித்துக்கொண்டாள்.

அன்று ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து, நான் கேட்காமலே சொன்னாள்: "டிவில காட்டுனாங்களுங்க, அம்பது தாண்டுன பொம்பளைக்குக் கொழந்தை பொறந்திருக்குதாமா. எனக்கு இன்னம் அம்பது ஆகலைங்களே."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தண்ணீரை வடித்துவிட்டு மறுபடியும் களைந்தேன். "ஆமா, ஆகலை," என்றேன்.

அடுத்த வாரமே ஒரு புது மஞ்சள் துணி வீட்டில் மடித்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தேன்.

ஆனால் ரத்தம் மாதம் ஒருமுறை என்ற கணக்கில் வரவில்லை. நின்றது, பத்துப் பதினைந்து நாளில் மறுபடி வந்தது. பிறகு விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக இருந்துகொண்டே இருந்தது. புல்லுக்கட்டைத் தலையில் வைத்து வரப்பில் வந்தவள் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். டாக்டரிடம் போகலாம் என்று சொன்னேன். மறுப்பாள் என்று நினைத்தேன். "நானும் அதைத்தானுங்க நெனச்சேன். ஒருவாட்டி காட்டிக் கேட்டுட்டா நல்லது," என்றாள். கேட்டுவிட்டால் என்றாள். என்ன கேட்கப் போகிறாள் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் பெண்களுக்கு உள்ளே நாற்காலிகள். கூட வந்த ஆண்களுக்கு வெளியே, வண்டிகள் நிறுத்தும் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு நீளப் பெஞ்சு. நான் ஓரத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த ஒருவர் கையில் பிளாஸ்க்கும் துணிப்பையுமாக இருந்தார். மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தாராம். அவருக்குப் பேச ஆள் வேண்டியிருந்தது.

"உங்களுக்கு உள்ள ஆருங்க? பொண்ணா, மருமகளா?"

"ஊட்டுக்காரிங்க."

அவர் என் தலையைப் பார்த்தார். நரைத்துப் பாதியாகிவிட்ட தலை. "அட, அதுக்கென்னுங்க, இப்பெல்லாம் நாப்பத்தஞ்சுல தொட்டில் வாங்கறவங்களும் இருக்கறாங்க!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். நல்ல மனுஷன்தான். நானும் சிரித்து வைத்தேன். பிறகு தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்து போய், குழாயடியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

அங்கே நின்றிருக்கும்போது நர்ஸ் வெளியே வந்து அவள் பேரைச் சொல்லி, "ஹஸ்பண்ட் ஆரா? அகத்து வரூ," என்றாள். உள்ளே வரச் சொல்கிறார்கள். எனக்குக் கால் கூசியது. நாற்காலிகளில் இருந்த பெண்கள் எல்லோரும் என்னைப் பார்ப்பது போல இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். நர்ஸ் அதை வாங்கி வாசலில் வைத்தாள்.

டாக்டரம்மா பாலக்காட்டுக்கு மேற்கே எங்கோ இருந்து வந்தவர். மலையாளம் கலந்த தமிழ் பேசினார். வயதில் எங்களைவிடச் சிறியவர். "சேட்டன் இரிக்கூ," என்று நாற்காலியைக் காட்டினார். நான் உட்கார்ந்தேன். என் மனைவி என் பக்கம் திரும்பவில்லை.

"பேடிக்க ஒண்ணும் இல்ல, பயப்பட வேண்டாம்," என்றார் டாக்டர். "மாசமுறை நிக்கப் போற வயசு. கொஞ்சம் கூடுதலாப் போகும். உடம்புல ரத்தம் குறைவு. குளிகை எழுதறேன், மூணு மாசம் கழிஞ்சு வாங்க. சேச்சிக்கு எப்பவும் கரெக்டா மாசாமாசம் வந்துட்டு இருந்ததுதானே?"

"ஆமாங்க டாக்டர்," என்றாள் என் மனைவி. "ஒரு மாசங்கூடத் தவறினதில்லீங்க. நின்னதே இல்லீங்க."

பேனா எழுதத் தொடங்கியது.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எனக்கு விளங்கியது. நின்று போயிருந்தது என்று சொன்னால், உனக்கு வயதாகிவிட்டது, இனி எதுவும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிடுவார். நிற்கவே இல்லை என்றால் இன்னும் வழி இருக்கிறது. வழியை அவள் தன் கையாலேயே திறந்து வைத்திருந்தாள். நான் சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது எனக்குப் பிறவியிலேயே வந்த ஒன்று.

ஆனால் அந்தப் புல்லுக்கட்டின்மேல் அவள் உட்கார்ந்திருந்தது என் கண்முன்னால் வந்து நின்றது.

"நின்னு போயிருந்ததுங்க," என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. டாக்டர் பேனாவோடு நிமிர்ந்தார். "எந்தா?"

"நடுவுல நின்னு போயிருந்ததுங்க டாக்டர். ரெண்டு வருசத்துக்கு மேல. இப்ப தை கழிஞ்சுதான் மறுபடியும் வந்துச்சுங்க."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை.

டாக்டர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சேச்சி இல்லேன்னு சொல்றாங்க. சேட்டனுக்கு எப்படி இது நிச்சயமாத் தெரியும்?"

"அந்த நாள்ல அடுப்பு நான்தானுங்க பத்த வெப்பேன்," என்றேன். "நடுவுல ரெண்டு வருசம் நான் பத்த வெக்கலீங்க."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. எழுதிய காகிதத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார். நாற்காலியை என் மனைவிக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சேச்சீ, நின்னு ஒரு வருஷம் கழிஞ்சு ரத்தம் பட்டா அது மாசமுறை இல்ல. ஒரு துளி பட்டாலும், ஒரே ஒரு தடவ பட்டாலும் பாக்கணும். எதனால வருதுன்னு கண்டுபிடிக்கணும். இது சொல்லாம இருந்திருந்தா நான் வெறும் குளிகை தந்து அனுப்பியிருப்பேன். ஏன் சொல்லல?"

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கீழே பார்த்திருந்தாள். வெளியில் காத்திருப்பவர்களின் சத்தம் கேட்டது. டாக்டர் அவசரப்படுத்தவில்லை.

"இனிக் கொழந்தை பொறக்குமாங்க?" என்றாள்.

நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்ததுதான் பதில். அதை அவள் புரிந்துகொண்டாள். நானும் புரிந்துகொண்டேன்.

பஸ்ஸில் அவள் முன்பக்கம் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன். இறங்கி வாய்க்கால் கரையில் நடக்கும்போது ஒரே ஒரு தடவை பேசினாள்.

"உங்ககிட்டக் கேட்டாங்களா?"

"கேக்கலை அம்மிணி."

"பொறவு?"

அவள் முன்னால் நடந்து போய்விட்டாள். அன்று பூவை எங்கே எடுத்துப் போட்டாள் என்று தெரியாது. வீட்டுக்கு வந்தபோது தலையில் இல்லை.

அதற்கப்புறம் நடந்தவை எல்லாம் வேகமாக நடந்தன. ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையின் உள்பக்கத்திலிருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். புற்று என்றார். ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டோம், பையை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார். "பிழைத்துக்கொள்ளலாம்" என்று அவர் சொன்னபோது என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் மனைவி கண்ணில் வரவில்லை. எடுத்துத்தான் ஆகோணுமா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றார்கள். சரி என்றாள்.

பாலக்காட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. மாடுகளைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் பார்த்துக்கொண்டார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டு, என்னைத்தான் புகழ்ந்தார்கள். "நல்ல வேளைங்க, நீங்க சொன்னீங்க. எத்தன ஆம்பளைக்கு இதெல்லாந் தெரியும்?" என்றார்கள். என் பெரியம்மா மகள் ஒருத்தி, தன் புருஷனைப் பார்த்து, "கேட்டீங்களா? எனக்கு எப்ப வருது போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா? மோட்டாருக்கு எப்பக் கரண்டு வருதுன்னு மட்டுந்தான் தெரியும்," என்று இடித்தாள். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் மனைவி கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவள் தூங்கவில்லை என்பது அவள் முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

டாக்டரிடம் போனால் ஒன்று விடாமல் சொல்லிவிட வேண்டும் என்று இப்போது நானும் மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வெட்கப்படக் கூடாது, எப்போது நின்றது, எப்போது வந்தது, என்ன மாத்திரை தின்றோம், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அது சரிதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு பெண் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறாள் என்றால் அதை அவள் மறந்துபோய் விடவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் அவள் அத்தனை நாள் எழுந்து நடமாடியிருக்கிறாள். நான் அதை அவள் மடியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டேன். மறுபடியும் அதே அறையில் அதே நாற்காலியில் உட்கார வைத்தாலும் அதைத்தான் செய்வேன். செய்துவிட்டு மறுபடியும் இப்படித்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்தபிறகு அவள் என்னிடம் கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குத் தேவலை. கஞ்சி கொடுத்தால் குடித்தாள். மாத்திரை கொடுத்தால் விழுங்கினாள். உப்பு இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு நாள் வேண்டுமென்றே உப்புப் போடாமல் கொடுத்துப் பார்த்தேன். குடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினாள்.

தையல் காய்ந்தபிறகு சித்தூரில் பழைய டாக்டரம்மாவிடமே காட்ட வரச் சொல்லியிருந்தார்கள். ஆட்டோ பிடித்துப் போனோம். இந்தத் தடவை நான் ஆண்கள் பெஞ்சுக்குப் போகவில்லை. அவள் எழுந்து நிற்கப் பிடிமானம் வேண்டியிருந்ததால் அறைக் கதவை ஒட்டியே உட்கார்ந்தேன். கூப்பிட்டபோது நானும் எழுந்தேன். அவள் என் கையை மெதுவாக விலக்கினாள்.

"நீங்க இருங்க. நானே எல்லாத்தையும் சொல்லீருவேன். இனி மறைக்கறதுக்கு எங்கிட்ட ஒன்னும் இல்லீங்க."

கதவு முழுதாகச் சாத்தவில்லை. அவள் குரல் கேட்டது. எங்கே வலிக்கிறது, உடம்பு எப்போது திகுதிகுவென்று எரிகிறது, ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது, வயிற்றுக்குள் காலியாக இருக்கிற மாதிரி ஒரு பாரம் இருக்கிறது என்றெல்லாம் சொன்னாள். நிறுத்தி நிறுத்தி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். தையல் நன்றாக ஆறியிருக்கிறது, இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேட்டார்.

"ஒன்னு கேக்கோணுங்க," என்றாள். "எடுத்த பைய என்ன பண்ணுனாங்க?"

"பரிசோதனைக்கு அனுப்புவாங்க சேச்சி. அது கழிஞ்சா ஆஸ்பத்திரியில எரிச்சுடுவாங்க."

"எரிச்சுட்டாங்களா?"

"ம்ம். அதான் முறை."

பிறகு அவள் சொன்னது கேட்டது.

"எங்க பக்கம் கொழந்தைய எரிக்க மாட்டாங்க டாக்டர். பொதைப்பாங்க. கேட்டிருந்தாத் தந்திருப்பாங்களா? எங்க தோப்புல எடம் இருக்குதுங்க."

டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. மெதுவாக ஏதோ சொன்னார். நாற்காலி நகர்ந்தது. ஒரு அழுகைச் சத்தம் வந்தது. இத்தனை வருஷத்தில் அவள் அப்படி அழுது நான் கேட்டதில்லை. எழுந்து உள்ளே போக வேண்டும் என்று இருந்தது. ஆனால் இருங்க என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இருந்தேன்.

வெளியே வந்தபோது முகத்தைத் துடைத்திருந்தாள். என் எதிரில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"கேக்கோணும்னு நெனச்சதெல்லாங் கேட்டுட்டனுங்க," என்றாள். பிறகு, "உங்களுக்கு ஏதாச்சும் கேக்கோணும்னாப் போயிட்டு வாங்க. நான் இப்படி உக்காந்துக்கறேன்," என்றாள்.

எனக்கும் கேட்க ஒன்று இருந்தது, அன்று இதே அறையில் நான் வாய் திறந்ததைப் பற்றி. ஆனால் அதற்கு டாக்டரிடம் பதில் இருக்காது. பதில் வைத்திருந்தவள் என் எதிரிலேயே, சுவரில் கை ஊன்றி நின்றிருந்தாள். அவளிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"ஒன்னுமில்ல அம்மிணி," என்றேன்.

அவள் தலையாட்டினாள். நான் கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டாள். படி இறங்குகிற வரைக்கும் பிடித்திருந்தாள். ஆட்டோவுக்குப் பக்கத்தில் வந்ததும் விட்டுவிட்டு, தானாக ஏறி உட்கார்ந்து, எனக்கு இடம் விட்டு ஓரமாக நகர்ந்துகொண்டாள்.